பெயர் எழுதாத பக்கிள்

போன மாதம் சென்னையில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது மணப்பெண்ணின் ஒட்டியாணம் கழன்றுகொண்டது. அலங்காரம் செய்ய வந்த பெண் காப்பி குடிக்கப் போயிருந்தாள். அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் நூல் போட்டுக் கட்டிவிடலாம் என்றார், இன்னொருவர் ஊக்கே போதும் என்றார். நான் பேசாமல் பெண்ணுக்குப் பின்னால் போய் மண்டி போட்டு, கொக்கியை இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறுபக்கத்தை லேசாகச் சாய்த்து உள்ளே தள்ளினேன். மாட்டிக்கொண்டது. நகைக்கடையில் வேலை பார்த்தவளோ என்கிற மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேலை பார்த்தது ஒரு பள்ளிக்கூட ஆபீஸில். ஆனால் அந்தச் சாய்த்துத் தள்ளும் வித்தை அங்கே படித்ததுதான்.

பெண்ணின் பெயர் நித்யா. அவளுடைய அம்மா விஜயாக்காவும் நாங்களும் கல்கத்தாவில் அடுத்தடுத்த வீடு. கொல்கத்தா என்று எழுதவேண்டும் என்று தெரியும், என் கைக்கு இன்னும் அது பழகவில்லை. விஜயாக்கா பட்டுப்புடவை சரசரக்க உள்ளே வந்து, விஷயத்தைக் கேட்டு, அறையில் இருந்த அத்தனை சொந்தக்காரர்களுக்கும் என்னைக் கைகாட்டி ஒரு அறிமுகம் செய்தார்.

"இன்னிக்கு மட்டுமில்ல, அன்னிக்கும் இவதான் காப்பாத்தினா. ஸ்கூல மூடப்போறாங்கன்னு இவ மட்டும் முன்னாடியே சொல்லலைன்னா எம் பொண்ணுக்கு அந்த வருஷம் எங்கேயும் இடம் கெடச்சிருக்காது."

எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது யாருக்கும் தெரிந்திருக்காது. என் கைப்பையில் ஒரு கைக்குட்டைக்குள் சுற்றி ஒரு பழைய பெல்ட் பக்கிளை வைத்திருந்தேன். அதை நித்யாவிடம் கொடுக்கத்தான் இவ்வளவு சீக்கிரம் எழுந்து குளித்துப் போயிருந்தேன். அதைக் கொடுத்தேனா என்பதைச் சொல்லவேண்டுமானால் அந்தப் பக்கிளின் கதையை முதலில் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தாவில் அலிப்பூர் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. மரத்தடியில் வரிசையாக டைப்ரைட்டர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களையும், முத்திரைத்தாள் விற்பவர்களையும், வெல்லப்பாகு வாசனை வரும் ஒரு மிட்டாய்க் கடையையும் தாண்டி உள்ளே போனால் மஞ்சள் பூசிய இரண்டு மாடிக் கட்டடம், பச்சை ஜன்னல்கள், ஓரத்தில் ஒரு சின்னத் தேவாலயம். கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரைக்கும் நான் அங்கேதான் படித்தேன். மழைக்காலத்தில் அந்தச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, வங்காளிப் பிள்ளைகளும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும் கித்திர்ப்பூரிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகளும் நாங்கள் நாலைந்து தமிழச்சிகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடப்போம். வகுப்புக்குள் போனதும் முதல் வேலை பெல்ட்டைக் கழற்றிப் பக்கிளைத் துடைப்பது. துடைத்த விரலை முகர்ந்தால் பழைய சாவியின் வாசனை வரும்.

அந்தப் பக்கிளுக்கு எங்கள் பள்ளியில் தனி மரியாதை இருந்தது. அரக்கு நிற பெல்ட்டை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். பக்கிள் மட்டும் கிடைக்காது. ஒரு படகு, அதன்மேல் ஒரு விளக்கு என்று பள்ளியின் சின்னத்தை வார்த்து ஹௌராவில் ஒரு பட்டறையில் ஒரு காலத்தில் செய்துகொடுத்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் காலமான பிறகு அவர் மகன்கள் மின்விசிறிப் பாகம் செய்யப் போய்விட்டார்கள், அச்சு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் சிஸ்டர்கள் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பள்ளியை விட்டுப் போகிற பெண் பக்கிளை ஒப்படைத்துவிட்டுத்தான் டி.சி. வாங்கவேண்டும். அடுத்து வந்து சேருகிற பெண்ணுக்கு அது போகும்.

விதி சிஸ்டர்களுடையது. அதை ஒரு சடங்காக மாற்றியது பிள்ளைகள். போகிற பெண்ணைக் கடைசி வெள்ளிக்கிழமை அசெம்பிளியில் படிமேல் ஏற்றி நிறுத்துவோம். அவள் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து, பெல்ட்டைக் கழற்றி, பக்கிளின் முதுகில் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கீறுவாள். அவள் கீறி முடிக்கும்வரை மொத்தப் பள்ளியும் வழியனுப்புப் பாட்டைப் பாடவேண்டும். பெயர் நீளமாக இருந்து முழுப்பெயரையும் எழுத ஆசைப்பட்டாள் என்றால் எங்கள் தொண்டை வறண்டுபோகும். பள்ளியின் சொத்தைக் கீறுவது தப்பு என்று பிரின்சிபல் சிஸ்டர் பிலோமினா வருஷா வருஷம் சொல்வார். சொல்லிவிட்டு அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி ஜெபமாலையைத் தேடுவார்.

மாற்றல் வேலைக்காரர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் படித்ததால் இந்தச் சடங்கு அடிக்கடி நடந்தது. மெட்ராஸ் ரயில் ஹௌராவுக்குப் பக்கத்தில் இருக்கும் சாந்த்ராகாச்சியைத் தாண்டுவதற்குள் அவள் பக்கிள் இன்னொருத்தி இடுப்பில் ஏறிவிடும் என்று போகிறவளைக் கேலி செய்வோம். அவள் அழுதுகொண்டே சிரிப்பாள். எனக்கு வந்த பக்கிளில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஆர்.டி., எம்.எல். யாரென்றே தெரியாத அந்த இரண்டு பேரும் என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பத்து வருஷம் என்னோடு வந்தார்கள். கணக்குப் பரீட்சையில் விரலை விட்டு அவர்களைத் தடவிக்கொள்வேன். பெரிய பலன் ஒன்றும் இல்லை, கணக்கில் கடைசி வரை சுமார்தான்.

மாற்றல் என்றதும் எங்கள் வீட்டுப் பெட்டிகள் ஞாபகம் வருகின்றன. அப்பாவுக்கு மத்திய அரசு உத்தியோகம். மூன்று வருஷத்தில் மாற்றிவிடுவார்கள் என்று சொல்லித்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். சாமான்கள் வந்த மரப்பெட்டிகளில் அப்பாவின் பெயரும் பதவியும் கறுப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். எப்படியும் திரும்பவும் வேண்டும் என்று அம்மா அவற்றை உடைக்கவிடவில்லை. ஒன்றின்மேல் டி.வி., ஒன்றின்மேல் சாமி படம், இரண்டைச் சேர்த்துப் போட்டு மேலே மெத்தை விரித்தால் சோபா. மாற்றல் வரவேயில்லை. இருபத்திரண்டு வருஷம் நாங்கள் பெட்டியின்மேல் உட்கார்ந்தே வாழ்ந்தோம். எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனை பேர் வீட்டிலும் இதே சோபாதான். இதைச் சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை, பின்னால் வேண்டியிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் பத்தாம் வகுப்பு முடித்து, நானும் படிமேல் ஏறி, எம்.எல்.லுக்குக் கீழே என் எழுத்துகளைக் கீறிப் பக்கிளைக் கொடுத்தேன். பி.காம். முடித்ததும் சிஸ்டர் பிலோமினா ஆளனுப்பி, ஆபீஸில் வேலை இருக்கிறது வருகிறாயா என்று கேட்டார். மங்களூர்க்காரர். ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவர். படிக்கிறவர் இரண்டாவது கேள்வி கேட்காதபடி கடிதம் இருக்கவேண்டும் என்பார். திருச்சியில் சில வருஷம் இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது தமிழில் பேசுவார். அட்டெண்டென்ஸ், சர்டிபிகேட், டைப்பிங் எல்லாம் என் பொறுப்பு. பிள்ளைகள் என்னை 'ஆபீஸ் தீதி' என்று கூப்பிட்டார்கள். அக்கா என்பதற்கு வங்காளத்தில் தீதி. அந்த வயதில் அதைவிடப் பெரிய பட்டம் எனக்குத் தேவைப்படவில்லை.

பக்கிள் டிராயரின் சாவியும் என்னிடம்தான். விஜயாக்காவின் கணவருக்குக் கல்கத்தா மாற்றலாகி, நித்யா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, டிராயரைக் குடைந்து என் பக்கிளையே தேடி எடுத்தேன். எனக்குப் பிறகு எஸ்.கே. என்று ஒருத்தி அணிந்து விட்டுப் போயிருந்தாள். அதற்குக் கீழே இன்னும் ஒரு பெயருக்கு இடம் இருந்தது. அந்தக் குட்டி இடுப்பில் பெல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, கொக்கியை எப்படிச் சாய்த்துத் தள்ளவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் வகுப்பு வருவதற்குள் அவள் பக்கிளின் முதுகில் இருக்கும் நாலு பேரைப் பற்றியும் ஆளுக்கொரு கதை கட்டி வைத்திருந்தாள். எம்.எல். ஆஸ்திரேலியாவில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிறாள் என்பது அவள் கண்டுபிடிப்பு.

பள்ளி அதற்குள் மெலியத் தொடங்கியிருந்தது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நிஜமாகவே ஆஸ்திரேலியா போய்விட்டன. வங்காளிக் குடும்பங்கள் சால்ட் லேக்கில் ஃபிளாட் வாங்கிப் போயின, அந்தப் பக்கம் ஏ.சி. பஸ் விடுகிற புதுப் பள்ளிகள் வந்திருந்தன. நான் படித்தபோது ஒன்பது சிஸ்டர்கள் இருந்த மடத்தில் இப்போது மூன்று பேர். மேல்மாடி ஒழுகி, நாலாம் வகுப்பு தேவாலய வராந்தாவில் நடந்தது. ஆனாலும் காலையில் மணி அடித்தால் பாட்டுக் கேட்டது. பள்ளி என்றால் இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நித்யா மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷம், துர்கா பூஜை விடுமுறை முடிந்து திறந்த வாரத்தில் சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். அவருடைய சபையின் மாகாணத் தலைவிக்குப் போகும் கடிதம். பள்ளியை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு நடக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இன்னும் இரண்டு வருஷம் அவகாசம் கொடுங்கள் என்று சிஸ்டர் கேட்டிருந்தார். டிசம்பரில் தலைவி நேரில் வந்து, அடுத்த வருஷத்துக்கு எத்தனை பிள்ளைகள் தொடர்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்வார். கையெழுத்துப் போட்டுவிட்டு சிஸ்டர் பேனாவை மூடினார்.

"இது இந்த ரூமை விட்டுப் போகக்கூடாது. பேரண்ட்ஸுக்குத் தெரிஞ்சா ஓடிடுவாங்க. அப்புறம் வர்றவங்களுக்குக் காட்ட நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது."

நான் தலையாட்டினேன். மனப்பூர்வமாகத்தான் ஆட்டினேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால் விஜயாக்கா வாசலில் நின்று அம்மாவிடம் நித்யாவின் அடுத்த வருஷத்துக்கான யூனிஃபார்ம் துணியைக் காட்டிக்கொண்டிருந்தார். வளர்கிற பிள்ளை என்று கூடுதலாக எடுத்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்றும் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஏன் ஊர் பூராம் சொல்லப்போறேன்? எனக்கு வேற சோலி இல்லியா?"

அம்மா ஊர் பூராவும் சொல்லவில்லை. விஜயாக்காவிடம் மட்டும் சொன்னார். விஜயாக்காவும் யாரிடமும் சொல்லவில்லை, மேல்வீட்டு ராஜியிடம் மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் இட்லி சாப்பிடும்போது ஒரு மாமா என்னிடமே வந்து, காதும் காதும் வைத்தாற்போல அந்த ரகசியத்தைச் சொல்லி, நீ ஆபீஸில்தானே இருக்கிறாய், உனக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே விஜயாக்கா வந்து, டி.சி.க்கு ஒரு லெட்டர் எழுதிக்கொடு, எனக்கு இங்கிலீஷ் வராது என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். டிசம்பர் வரை பொறுங்கள், எல்லோரும் பொறுத்தால் பள்ளி பிழைக்கும் என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் அப்படி ஏதோ சொல்லவும் ஆரம்பித்தேன். அதற்குள் மற்றப் பள்ளிகளில் ஃபாரம் கொடுத்து முடித்துவிடுவார்களே என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. உத்தரவு வருவதற்கு முன்பே மூட்டை கட்டத் தெரிந்தவர்கள் நாங்கள். தாமதித்தால் ரயிலில் இடம் கிடைக்காது, குவார்ட்டர்ஸ் கிடைக்காது, பிள்ளைக்கு ஸீட் கிடைக்காது என்று அடிபட்டு அடிபட்டுத் தெரிந்துகொண்டவர்கள். எங்களுக்குப் போகத் தெரியும், நின்று மல்லுக்கட்டத் தெரியாது. பெட்டி சோபாவில் உட்கார்ந்துகொண்டே அந்தக் கடிதத்தை எழுதிக்கொடுத்தேன். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, படிக்கிறவர் இரண்டாவது கேள்வி கேட்காதபடி.

விஜயாக்கா அதை ராஜியிடம் கொடுத்திருக்கிறார். ராஜி இன்னொருவரிடம். அடுத்த பதினைந்து நாளில் என் மேஜைக்கு வந்த டி.சி. விண்ணப்பங்களில் பெயரும் வகுப்பும்தான் வேறு. மீதியெல்லாம் நான் எழுதிய அதே வரிகள். தமிழ்க் குடும்பங்கள் முதலில், பிறகு அவர்களைப் பார்த்துத் தெலுங்குக் குடும்பங்கள், மலையாளிகள், பிறகு பயந்துபோன வங்காளிகள். அத்தனையையும் கோப்பில் கட்டி சிஸ்டரின் மேஜையில் வைத்தேன். மறுநாள் அவர் கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எல்லாம் நல்ல இங்கிலீஷா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். வேறொன்றும் கேட்காமல் தேவாலயத்துக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதற்கு அவர் வழி விடவில்லை. அன்றிலிருந்து என்னிடம் தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமைச் சடங்கும் நின்றுபோனது. ஒருத்தி போனால் பாடலாம், வாரத்துக்கு இருபது பேர் போனால் என்ன செய்வது? மீதமிருப்பவர்களும் மிரண்டுவிடுவார்கள் என்று சிஸ்டர் வேண்டாம் என்றார். அதனால் பிள்ளைகள் ஆபீஸ் கவுன்டருக்கே வந்து பக்கிளைக் கொடுத்துவிட்டு டி.சி. வாங்கிப் போனார்கள். பாட்டும் இல்லை, காம்பஸும் இல்லை. டிராயர் நிறைந்து, நான் ஒரு பிஸ்கட் டின்னில் போட ஆரம்பித்தேன்.

நித்யாவை விஜயாக்கா ஒரு மத்தியானம் கூட்டிவந்தார். கவுன்டர் அவள் உயரத்துக்கு எட்டாது. நுனிக்காலில் நின்று இரண்டு கையாலும் பக்கிளை மேலே நீட்டினாள். நான் கைநீட்டியதும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நான் இன்னும் பேரு எழுதலியே, தீதி."

வரிசையில் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். விஜயாக்கா மணி பார்த்தார். எனக்கும் எப்படியாவது இந்த வரிசை முடிந்தால் போதும் என்றிருந்தது.

"நீ குடுத்துட்டுப் போ. நானே உன் பேரை எழுதி வைக்கேன்" என்றேன்.

விட்டுவிட்டாள். அந்த வயதில் ஆபீஸ் தீதி சொன்னால் நடக்கும் என்று நம்புவார்கள். அவள் போன பிறகு அந்த ஒன்றை மட்டும் டின்னில் போடாமல் என் பென்சில் டப்பாவில் வைத்தேன். காம்பஸைக்கூட எடுத்தேன். ஒரு பெயரை எழுதினால் டின்னில் கிடப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தோன்றியது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தேன்.

வங்காளிப் பெற்றோர்கள்தான் போராடினார்கள். அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த தத்தா பாபுவின் மகள் எட்டாம் வகுப்பில் படித்தாள். அவர் கையெழுத்து வாங்கினார், வாசலில் அட்டை பிடித்துத் தர்ணா உட்கார்ந்தார்கள், டைப்ரைட்டர்காரர்கள் காசு வாங்காமல் மனு அடித்துக்கொடுத்தார்கள். பள்ளியில் படிக்காதவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். மிட்டாய்க் கடைக்காரர் மண்குவளையில் டீ அனுப்பினார். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவரும் போகவில்லை. அவர்கள் பிள்ளைகள் அதற்குள் வேறு பள்ளிகளில் சேர்ந்திருந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் மாகாணத் தலைவி வந்தார். கோப்பைப் பார்த்தார், காலி பெஞ்சுகளைப் பார்த்தார், என் மேஜையில் இருந்த பிஸ்கட் டின்னையும் திறந்து பார்த்தார். தத்தா பாபு மனுவோடு உள்ளே போய் அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து என் எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மூடாதீர்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள், ஆனால் பெற்றோர்கள் போய்விட்டார்களே என்று அந்தத் தலைவி கேட்டாராம். இந்த டிசம்பர் வரைக்கும் எல்லோரும் பொறுத்திருந்தால் எனக்குச் சொல்ல ஒரு பதில் இருந்திருக்கும் என்றார் தத்தா பாபு. முதலில் யார் இதைக் கிளப்பியது, உனக்குத் தெரியுமா அம்மா என்று கேட்டார். தெரியாது என்றேன். இரண்டாவது தடவை.

பத்தாம் வகுப்புக்காரர்கள் பரீட்சை எழுதும்வரை, மார்ச் வரை பள்ளி நடந்தது. கடைசி நாள் அசெம்பிளியில் மீதமிருந்த பிள்ளைகள் எல்லோரையும் படிமேல் ஏற்றினார்கள். படி கொள்ளவில்லை, தரையிலும் நின்றார்கள். இந்தத் தடவை பாடுவதற்கு எதிரில் பிள்ளைகள் இல்லை. பெற்றோர்கள், பழைய மாணவிகள், வாசல் காவலுக்கு நிற்கும் தர்வான், சமையல்கார அம்மாள், கூட்டம் பார்த்து வந்த டைப்ரைட்டர்காரர்கள் என்று நாங்கள்தான் பாடினோம். அந்தப் பாட்டின் வார்த்தை பாதிப் பேருக்குத் தெரியாது. ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிள்ளைகள் ஒரே நேரத்தில் காம்பஸால் கீறுகிற அந்தக் கரகர சத்தம் பாட்டுக்கு மேலே கேட்டது. சிஸ்டர் பிலோமினா அன்றைக்குத் திரும்பிக்கொள்ளவில்லை. கடைசிப் பிள்ளை கீறி முடிக்கும்வரை நேராகப் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கிள்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வாங்கிக்கொள்ள இனி யாரும் வரப்போவதில்லை என்றார். கடைசி வரை நின்றவர்களுக்குப் பெயரும் கிடைத்தது, பக்கிளும் கிடைத்தது.

மறுவாரம் பழைய நாற்காலிகளோடு பிஸ்கட் டின்னையும் பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏற்றச் சொன்னார் சிஸ்டர். நான்தான் தூக்கி வைத்தேன். பிறகு அவர் ராஞ்சிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார். ஹௌராவுக்குப் போய் வழியனுப்பினேன். சொல்லிவிடவேண்டும் என்று பிளாட்பாரத்தில் அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். ரயில் கிளம்பும்போது அவரே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையில் வைத்து, "கடிதம் போடு" என்றார். தமிழில். நான் போடவில்லை. எப்படி ஆரம்பித்தாலும் அவர் கற்றுக்கொடுத்த கடிதமாகவே வந்தது. நாலு வருஷம் கழித்து அவர் இறந்துவிட்டதாக தத்தா பாபு மூலம் தெரிந்தது.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். விஜயாக்கா மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கப் போக, மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர, அறையில் நானும் நித்யாவும் மட்டும் இருந்தோம். கைக்குட்டையைப் பிரித்துப் பக்கிளை அவள் மருதாணிக் கையில் வைத்தேன். ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தாள். பிறகு படகைக் கண்டுகொண்டாள். முகம் அப்படியே எட்டு வயதுக்குப் போய்விட்டது.

"தீதி, இது என்னோடதா?"

திருப்பினாள். ஆர்.டி., எம்.எல்., நான், எஸ்.கே. எம்.எல்.லைத் தொட்டு ஆட்டுப்பண்ணைக்காரி என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விரல் கீழே இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லாததைத் தடவிப் பார்த்தாள்.

"என் பேரு எழுதி வைக்கிறேன்னு சொன்னீங்களே."

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஞாபகம் இருக்காது என்று நினைத்துத்தான் தைரியமாகக் கொண்டுபோயிருந்தேன்.

"எழுதல நித்யா" என்றேன். "அம்மா சொல்றாங்களே, நான் காப்பாத்தினேன்னு, அது நிஜமில்ல. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஸ்கூல் இருந்திருக்கும்."

இதை யாரிடமும் சொன்னதில்லை. சிஸ்டரிடம் சொல்லவேண்டியது, தத்தா பாபுவிடம் சொல்லவேண்டியது. அலங்காரத்தோடு முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் நேரம் தெரியாது. அவள் என்ன சொல்லியிருப்பாளோ, அதற்குள் வெளியே நாதஸ்வரம் உயர்ந்து, பெண்ணைக் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அவளுக்குப் பக்கிளை வைத்துக்கொள்ள இடமில்லை. பட்டுப்புடவையில் ஏது பை? எழுந்தாள். என் முன்னால் வந்து, இரண்டு கையாலும் பக்கிளை நீட்டினாள். அன்றைக்குக் கவுன்டரில் நீட்டியதைப் போலவேதான்.

நானும் அன்றைக்குப் போலவே வாங்கிக்கொண்டேன்.

அவள் இப்போது கணவனோடு வெளிநாட்டில் இருக்கிறாள். அந்தச் சந்தில் மஞ்சள் கட்டடம் இருந்த இடத்தில் பத்து மாடிக் குடியிருப்பு நிற்கிறதாம். தேவாலயம் இருந்த மூலையில் கார்கள் நிற்கின்றனவாம். கோர்ட் மரத்தடியில் டைப்ரைட்டர் சத்தம் இல்லை, மிட்டாய்க் கடையும் இல்லை, எங்கள் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியபோது அப்பா அந்தப் பெட்டிகளில்தான் சாமான் கட்டினார், வந்து இறங்கியதும் அம்மா முதல் வேலையாக அவற்றை உடைத்து அடுப்பில் வைத்துவிட்டார். பக்கிள் என் பென்சில் டப்பாவில் இருக்கிறது, பக்கத்தில் அதே காம்பஸும் இருக்கிறது. எழுதுகிறேன் என்று சொன்னது நான்தான். நேற்றும் எடுத்துப் பார்த்தேன். கீறத் தொடங்கினால் எனக்கு அந்தப் பாட்டைப் பாட ஒருவரும் இல்லை.